சமதொலைவுக் கோடா, சமதொலைவிடமா?

வணக்கம்.

வடிவியலில் இரண்டு பொருள்களிலிருந்து சம தூரத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துச் சொல்ல ஒரு தமிழ்ச்சொல் தேடும் உரையாடலில், 'சமதொலைவுக் கோடு' என்று ஐயா ஒருவர் முன்வைத்திருந்தார். 'சமதொலைவு' எனக்கும் சம்மதம். 'கோடு' என்பதுதான் ஒப்பவில்லை.

தாளில் அ, ஆ என்ற புள்ளிகளை 6 செ.மீ. இடைவெளியில் குறித்து, இரண்டிலிருந்தும் 5 செ.மீ. ஆரத்தில் வில் வரையுங்கள். நடுப்புள்ளிக்கு மேலே 4 செ.மீ., கீழே 4 செ.மீ. தள்ளி விற்கள் வெட்டிக்கொள்ளும். ஆரத்தை எப்படி மாற்றினாலும் வெட்டும் புள்ளிகள் மையக்குத்துக்கோட்டில்தான், அதாவது அ, ஆ-வை இணைக்கும் கோட்டை நடுவில் செங்குத்தாக வெட்டும் கோட்டில்தான் விழும். இதுவரை கோடுதான். அதே இரண்டு புள்ளிகளை முப்பரிமாண வெளியில் எடுத்தால் கிடைப்பது தளம். தாளில் ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் என்றால் மிஞ்சுவது ஒற்றைப் புள்ளி, சுற்றுவட்ட மையம் (மூன்றின் வழியாகவும் போகும் வட்டத்தின் மையம்). ஒரு நேர்கோடும் அதன்மேல் இல்லாத ஒரு புள்ளியும் என்றால் பரவளையம் (parabola) என்ற வளைகோடு.

தூரத்தை எப்படி அளக்கிறோம் என்பதும் இருக்கிறது. 1854-இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவியதை ஆராய்ந்த மருத்துவர் ஜான் ஸ்னோ, பிராட் தெரு அடிகுழாய்க்கும் சுற்றியிருந்த மற்றக் குழாய்களுக்கும் சம தூரத்தில் இருந்த இடங்களைப் பிறகு வரைபடத்தில் புள்ளிக்கோடாக இணைத்தார். அவர் எடுத்துக்கொண்டது தெருவழியே நடந்துபோகும் தூரம். அதனால் அந்தக் கோடு அங்கங்கே ஒடிந்து ஒடிந்து போகிறது. அதற்குள் குடியிருந்தவர்களுக்கு பிராட் தெருக் குழாய்தான் பக்கம். சாவுகளும் அதற்குள்தான் குவிந்திருந்தன. மையக்குத்துக்கோட்டை மட்டும் நினைத்து ஆக்கிய சொல் இதற்குப் பொருந்தாது.

ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட புள்ளிகள் எல்லாம் சேர்ந்ததை (locus) குறிக்கும் தமிழ்நாட்டுப் பாடநூலின் 'நியமப்பாதை', இலங்கைப் பாடநூலின் 'ஒழுக்கு' இரண்டும் நகரும் புள்ளியை நினைவூட்டுபவை. பொதுச்சொல்லாக அவை இருக்கட்டும். ஆனால் மாணவர்கள் சறுக்குவது வேறிடத்தில்: கோட்டிலுள்ள புள்ளியெல்லாம் சம தூரம் என்று நிறுவியதும் பேனாவை வைத்துவிடுகிறார்கள். சம தூரத்திலுள்ள எந்தப் புள்ளியும் அதற்கு வெளியே இல்லை என்பதையும் நிறுவினால்தான் வேலை முடியும்.

ஆகவே என் பரிந்துரை 'சமதொலைவிடம்'. இடம் என்றால் புள்ளியாகவும் இருக்கலாம், கோடாகவும் தளமாகவும் இருக்கலாம். "அ, ஆ இரண்டின் சமதொலைவிடம் ஒரு தளம்" என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் இடறவில்லை.

'சம' வடசொல்லாயிற்றே என்று கேட்பவர்களுக்கு: சமபக்க முக்கோணம் படித்த பிள்ளைக்கு இது கேட்டதுமே புரியும். அதை மாற்ற எனக்கு விருப்பமில்லை.