விலை குறைந்த ஆல்-இன்-வன் கொம்பியூட்டர்: பாவித்தவர்கள் சொல்லுங்கள்

உப்புவெளி கொமினிகேஷன்:
என் ஆல்-இன்-வன்னைத் திருத்தக் கொடுத்த இடத்தில் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. என் கடை மேசை சின்னது. போட்டோகொப்பி மெசினை வைத்தால் சி.பி.யு.வுக்கு இடமில்லை. அதனால்தான் திரைக்குள்ளேயே சி.பி.யு.வும் அடங்கிய ஆல்-இன்-வன் எடுத்தேன். ஒரே வயர், மேசையும் வடிவாக இருந்தது, விண்ணப்பம் அடிக்க வருகிற சனத்துக்குத் திரையைத் திருப்பிக் காட்டவும் வசதி. வாடைக் காற்று முடிகிற நேரம் ஒருநாள் ஒன் ஆகவே இல்லை. திருத்துகிற தம்பி பின்மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துக் காட்டினார். போர்டில் கனெக்டரைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. “அண்ணா, டிஸ்பிளே புதுசு மாதிரி இருக்கு, போர்டுதான் போயிட்டுது” என்றார். அப்ப திரையை மட்டும் மொனிட்டராக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எச்.டி.எம்.ஐ. துளையில் விரலை வைத்து, “இதால படம் வெளிய போகும், உள்ள வராது” என்றார். ஒரு கீறல்கூட இல்லாத திரை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. தனி சி.பி.யு. என்றால் மொனிட்டராவது மிஞ்சியிருக்கும், இனி ஆல்-இன்-வன்னே வேண்டாம்.

ஓர்ஸ்ஹில் டீச்சர்:
அண்ணா, அது கடல் காற்றின் வேலை. தனி சி.பி.யு. என்றாலும் உப்பு விடாது. இதற்காக ஆல்-இன்-வன்னே கூடாது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். என்னுடையது இன்டெல் என்100 புரொசசர், 8 ஜி.பி. ராம், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்.எஸ்.டி. உயர்தரப் பிள்ளைகளுக்கு சூமில் கணக்குப் படிப்பிக்கும்போது கரண்ட் போனது. ஃபேன் நின்றது, வீடே இருட்டு. ஆனால் 650 வி.ஏ. யூ.பி.எஸ்.ஸில் திரையும் ரவுட்டரும் அப்படியே நின்றன. தொகையிடலில் பாதியில் நின்ற கணக்கை முடித்துக் கொடுத்தேன். அடாப்டரே 65 வாட்தான், அதனால்தான் அவ்வளவு நேரம் தாங்கியது.

நிலாவெளி ரிசப்ஷன்:
டீச்சர், உங்களுடையது எஸ்.எஸ்.டி. எங்கள் ஹோட்டலில் இருந்தது நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் மெதுவான ஹார்ட் டிஸ்க். வேனை வெளியே நிறுத்திவிட்டு ஒரு குடும்பம் பில்லுக்காக நிற்கிறது, எக்செல் திறக்கவே இல்லை. கைக்குழந்தை அழ அழ, அந்தத் தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பில்லைக் கையால் எழுதிக் கொடுத்தேன். எஸ்.எஸ்.டி. மாற்றிய பிறகு அதே மெசின் நன்றாக ஓடுகிறது.

சீனக்குடா:
என்னிடம் இருந்ததை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டேன், ராம் கூட்ட வழியில்லை. வாங்கப் போகிறவர்கள் கவனியுங்கள். இந்த விலையில் வருபவற்றில் அநேகமாக லெப்டொப் வகை புரொசசர்தான். ராம் போர்டோடு ஒட்டியதா, ஸ்லொட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒட்டியது 4 ஜி.பி. என்றால் எடுக்க வேண்டாம். எச்.டி.எம்.ஐ. உள்ளே எடுக்கும் துளை உள்ள மொடல் கிடைத்தால் விடாதீர்கள். போர்டு போனாலும் திரை மிஞ்சும். செகண்ட் ஹேண்ட் என்றால் புரொசசர் எந்தத் தலைமுறை என்று பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றில் அநேகமானவை விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. கடல் பக்கக் கடைகளில் திரையின் முதுகு வாசலைப் பார்க்காமல் வையுங்கள், காற்றுத் துளைகள் அங்கேதான் இருக்கின்றன. இரவில் துணி போட்டு மூடுங்கள், ஆனால் ஓடும்போது மூடவே கூடாது. உப்புவெளி அண்ணா, அந்தத் திரையை எறிய வேண்டாம். பனலின் முதுகில் ஸ்டிக்கரில் ஒரு மொடல் நம்பர் இருக்கும். அதற்குப் பொருந்தும், வெளியிலிருந்து வரும் படத்தைத் திரைக்குக் கொடுக்கும் கொன்ட்ரோலர் போர்டு வாங்கிப் பூட்டினால் மொனிட்டராகப் பாவிக்கலாம்.

உப்புவெளி கொமினிகேஷன்:
டீச்சர், என் கடைக்கு முன்பக்கம் முழுக்க ஷட்டர். காலையில் தூக்கினால் இரவு வரை காற்றுதான். தனி சி.பி.யு. என்றால் போர்டு போனாலும் மொனிட்டர் மிஞ்சியிருக்கும், நான் சொன்னது அதைத்தான். சீனக்குடா தம்பி, நம்பரை இன்றைக்கே எடுக்கிறேன். அந்த கொன்ட்ரோலர் போர்டு திருமலையில் யாரிடமாவது இருக்கிறதா, கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டுமா?