மாயவரம் - தரங்கம்பாடி ரயில்: பார்த்தவர்கள், ஏறியவர்கள் சொல்லுங்கள்

தில்லையாடி பேரன்:
1926-ல் வந்து 1986-ல் நின்ற லைன், உங்களுக்கே தெரியும். பஸ் பெருகியதும் யாரும் ஏறவில்லை, நட்டம் என்று மூடிவிட்டார்கள். போன மாசம் அப்பாவோடு தில்லையாடி ஸ்டேஷன் இருந்த இடத்தைத் தேடிப் போனேன். ஒரே சீமைக்கருவை. முள்ளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனவர், ஓரிடத்தில் நின்று செருப்புக் காலால் மண்ணைத் தள்ளினார். கருங்கல் ஜல்லி. “பாரு, இன்னும் கெடக்கு” என்றார். ஒன்றை எடுத்து வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார். வீடு வரும்வரை பேச்சே இல்லை. வள்ளியம்மை ஊர், 1915-ல் காந்தி வந்த ஊர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிகிறது. ஸ்டேஷன் இருந்ததற்கு ஒரு பலகைகூட எங்கள் கண்ணில் படவில்லை.

பொறையார் மருமகள்:
யாரும் ஏறவில்லையா? தரங்கம்பாடி மீன்காரம்மாக்கள் எதில் போனார்களாம்? கூடையைப் பார்த்தாலே பஸ் நிற்காது. எங்கள் அத்தை பிரசவத்துக்கு மாயவரம் போனது அந்தக் கூடைகளுக்கு நடுவில்தான். ஆக்கூர் தாண்டியதும் வலி எடுத்துவிட்டது. மீன்காரம்மாக்கள் சுற்றி நின்று புடவையை மறைப்பாகப் பிடித்தார்களாம். செம்பனார்கோயிலில் வண்டி நிற்கும்போது குழந்தை அழுதுவிட்டது. நட்டக் கணக்குப் போட்டவர்கள் இதை எந்தப் பத்தியில் எழுதினார்கள்?

மன்னை ராஜா:
எங்கள் மன்னார்குடிக்கு 1976-ல் நின்ற ரயில் 2011-ல் திரும்பி வந்தது. அன்று பாட்டி எஞ்சினுக்குச் சூடம் காட்டினார், கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அகஸ்தியம்பள்ளிக்கும் 2023-ல் விட்டார்கள். உங்களுக்கும் வரும்.

ஆக்கூர்க்காரன்:
சின்ன வயசில் ஆக்கூரில் ஏறியிருக்கிறேன். அட்டை டிக்கெட்டில் தேதி குத்தும் அந்த ‘டக்’ சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மன்னை அண்ணே, ‘வரும்’ என்றால் வந்துவிடாது. தண்டவாளத்தைப் பெயர்த்தாகிவிட்டது, இனி நிலம்தான் பேச்சு. தில்லையாடி தம்பி, அப்பா காட்டிய இடத்தின் சர்வே எண்ணை முதலில் பிடியுங்கள். அப்புறம் வி.ஏ.ஓ.விடம் அ-பதிவேட்டைப் பார்த்தால் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பட்டா பார்க்கும் அரசு இணையதளத்திலும் அ-பதிவேடு கிடைக்கும். நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படமும் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து எண்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் லைன் போன தடம் பிடிபடும். இன்னொன்று, ஸ்டேஷன் கட்டடம் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, டிக்கெட் கொடுத்த ஜன்னல் எங்கே, வண்டி எத்தனை மணிக்கு என்று அப்பாவைப் பேசவைத்துப் போனில் பதிந்துவிடுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே செய்யுங்கள்.