விண்வெளி ஓடம் (ஷட்டில்) தரையிறங்கிய பிறகு அதை எப்படித் தூக்கிக்கொண்டு போவார்கள்?

திருமங்கலத்தான் கேட்டது:

என் மகள் ஏழாவது படிக்கிறாள். பள்ளியில் கல்பனா சாவ்லாவைப் பற்றிச் சொன்னார்களாம். நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "அந்த விண்வெளி ஓடம் பிளேன் மாதிரி வந்து இறங்குதுல்ல, மாட்டுத்தாவணியில பஸ் திரும்புற மாதிரி உடனே திரும்பக் கிளம்பிருமாப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது, ஜம்போ விமானத்தின் முதுகில் ஷட்டில் உட்கார்ந்து போகிற படம்தான் கிடைத்தது. அதைப் பார்த்ததும் ஒரு கேள்வி நாலாகிவிட்டது. விண்வெளிக்கே போய் வந்தது எதற்கு இன்னொரு விமானத்தின் மேல் ஏறணும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை டிரெய்லர்:

தம்பி, காற்றாலை இறக்கை ஏற்றுகிற டிரெய்லர்களுக்கு 22 வருஷம் சூப்பர்வைசராக இருந்தவன் நான். ஷட்டில் விஷயத்தை விண்வெளிக்காகப் படிக்கவில்லை, லோடுக்காகப் படித்தேன். 2011-லேயே ஷட்டில் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள்; ஓடிய காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

பாப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். இறங்கும்போது அதைத் தள்ளுகிற இன்ஜின் எதுவும் ஓடாது. மூன்று பெரிய இன்ஜின்களுக்கும் எரிபொருள் வெளியே மாட்டிய ஆரஞ்சு டாங்கிலிருந்து வருவது. மேலே போகும்போதே அந்த டாங்கைக் கழற்றி விட்டுவிடுவார்கள். ஆக, நியூட்ரலில் உருண்டு வரும் லாரி மாதிரிதான் வந்து இறங்கும். குறி தப்பினால் இன்னொரு ரவுண்டு அடிக்க வழியில்லை. தானாக மேலே கிளம்பவும் முடியாது. அதனால்தான் ஜம்போ முதுகு.

எனக்குப் பிடித்தது டயர் கதை. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 345 கிலோமீட்டர். பின் டயர்களில் நைட்ரஜன் 340 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். நம் லாரி டயருக்கு 120 வைத்தாலே வெயிலில் பயந்துகொண்டு ஓட்டுவோம். அந்தப் பின் டயர்கள் ஒரே ஒரு தடவைதான், அடுத்த பயணத்துக்குப் புதுசு. முன் டயர் இரண்டு தடவை தாங்கும்.

நின்றவுடன் ஓடிப்போய்க் கதவைத் திறக்க முடியாது. ஹைட்ரசின், நைட்ரஜன் டெட்ராக்சைடு, அமோனியா எல்லாம் உள்ளே இருக்கிறது. கசிந்தால் ஆளைக் கொன்றுவிடும். உடம்பு முழுக்க மூடிய உடுப்போடு சிலர் மட்டும் போய் மோந்து பார்க்கிற கருவியை நீட்டுவார்கள். கசிவு இல்லை என்றதும் இரண்டு வண்டிகள் வால்பக்கம் வந்து குழாய் மாட்டும். ஒன்று உள்ளே காற்றை ஊதி மிச்ச வாயுவை விரட்டும், இன்னொன்று குளிர்விக்கும். வீரர்கள் இறங்கிய பிறகு டிராக்டர் கட்டி, அதன் சொந்தச் சக்கரத்திலேயே பராமரிப்புக் கூடத்துக்கு இழுத்துப்போவார்கள். இது புளோரிடாவில் இறங்கினால்.

அங்கே வானிலை சரியில்லை என்றால் கலிபோர்னியாவில் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். 54 தடவை அங்கே இறங்கியிருக்கிறது. அங்கிருந்துதான் ஜம்போ சவாரி. கிரேன் சட்டத்தில் ஓடத்தைத் தூக்கி, அடியில் அந்த 747 ஜம்போவை நுழைத்து, மெதுவாக இறக்கி மூன்று இடத்தில் பூட்டுவார்கள். பூட்டுகிற இடத்தில் யாரோ ஒரு குசும்பன் 'ஓடத்தை இங்கே மாட்டவும், கறுப்புப் பக்கம் கீழே' என்று எழுதி வைத்திருந்தான். எந்த ஊராக இருந்தால் என்ன, லோடு ஏற்றுகிறவன் புத்தி ஒன்றுதான்.

இவ்வளவு சுமையோடு விமானம் உயரமாகவும் போகாது, ஒரே மூச்சில் போய்ச் சேரவும் சேராது. நடுவில் இறங்கி எண்ணெய் போடணும். மழைக்குள் போகவே கூடாது, ஓடத்தின் அடியில் ஒட்டிய, சூடு தாங்குகிற ஓடுகளை அந்த வேகத்தில் மழைத்துளி அரித்துவிடும். அதனால் சுமார் 160 கிலோமீட்டர் முன்னால் இன்னொரு விமானம் வானிலை பார்த்துக்கொண்டே போகும். அதாவது நம் லோடுக்கு முன்னால் வழி பார்த்துக்கொண்டு போகிற பைலட் வண்டி! இதைப் படித்த அன்றைக்கு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

வைகை வடகரை:

அண்ணே, கூடத்துக்குள் போன பிறகு? அங்கே எத்தனை நாள் கிடக்கும்?

ஒத்தக்கடை டிரெய்லர்:

மாதக்கணக்கில். இரண்டு வாரத்தில் திரும்ப அனுப்பலாம் என்று ஆரம்பத்தில் கணக்குப் போட்டார்கள். நடந்தது வேறு. 1985-ல் அட்லாண்டிஸ் என்ற ஓடம் அக்டோபர் 3 கிளம்பி, வந்து, நவம்பர் 26 மறுபடி கிளம்பியது. 54 நாள். கடைசி வரை அதை யாரும் முறியடிக்கவில்லை.

நேரத்தைத் தின்றது ஓடுகள். சுமார் 24,000, ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர். ஒன்று விடாமல் பார்க்கணும். அதோடு, உள்ளே தண்ணீர் ஏறாமல் இருக்கப் போட்ட மருந்து திரும்பி வரும் சூட்டில் எரிந்து போய்விடும். ஒவ்வொரு ஓட்டுக்கும் ஊசி போடுகிற மாதிரி மறுபடி ஏற்றணும். 24,000 ஊசி! இன்ஜின்கள் மூன்றையும் கழற்றித் தனிப் பட்டறைக்குக் கொண்டுபோவார்கள்.

அப்புறம் 76 சக்கர டிரெய்லரில் ஏற்றி, டாங்கோடு சேர்த்து நிமிர்த்துகிற கட்டடத்துக்குப் போகும். அதன் உயரம் 160 மீட்டர். நம் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்தை மூன்று அடுக்கினாலும் கொஞ்சம் குறையும்.

மேலமாசி வீதி:

டிரெய்லர் அண்ணன் ஒன்றை விட்டுவிட்டார். 2012 அக்டோபரில் எண்டெவர் என்ற ஓடத்தை லாஸ் ஏஞ்சல்ஸ் ஊருக்குள்ளேயே ரோட்டில் இழுத்தார்கள், மியூசியத்துக்கு. சுமார் 19 கிலோமீட்டர், மூன்று நாள் ஆனது. இறக்கை அகலம் 24 மீட்டர், அதனால் வழியில் சுமார் 400 மரத்தை வெட்டினார்கள். கரண்ட் வயர்களையும் ஒதுக்கினார்கள். வீடியோவில் பார்த்தால் நம்ம சித்திரைத் தேர்தான். ஜனம் இரண்டு பக்கமும் நிற்கிறது, தேர் ஊர்கிறது, முன்னால் ஆள் கையைக் காட்டிக்கொண்டே பின்னோக்கி நடக்கிறான். முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான் இல்லை. மரம் வெட்டியதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒத்தக்கடை டிரெய்லர்:

மரத்தைப் பற்றி நான் பேச முடியாது தம்பி. விரகனூர் பக்கம் ஒரு தடவை காற்றாலை இறக்கையின் வால் ஒரு புளியமரக் கிளையை முறித்து, டீக்கடைக் கொட்டகை மேல் போட்டுவிட்டது. திருப்பத்தை அளந்தது நான். தப்பும் என்னுடையதுதான்.

அந்த ஊர்வலத்தில் ஒரு பாலம் வந்தது, கவனித்தீர்களா? கனமான டிரான்ஸ்போர்ட்டரைப் பாலம் தாங்காது என்று, ஓடத்தை லேசான வண்டிக்கு மாற்றி, ஒரு டொயோட்டா பிக்கப்பைக் கட்டி இழுத்தார்கள். விளம்பரம்தான். ஆனால் பாலம் தாங்குகிற எடையைப் பார்த்து வண்டியை மாற்றினான் பாருங்கள், அவன் வேலை தெரிந்தவன்.

திருமங்கலத்தான்:

எல்லாருக்கும் நன்றி. மகளுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். ஜம்போ, தேர் எல்லாம் போய், 340 பி.எஸ்.ஐ.தான் மனதில் நின்றிருக்கிறது. காலையில் பள்ளிக்குப் போகிற வழியில் பஞ்சர் கடையில் நிறுத்தி, நம் வண்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். பின் டயரில் 19 இருந்தது.