குதிகால் பக்கம் தண்டவாளம், விரல் பக்கம் வழுக்குமரம்: பலகையில என்ன கோளாறு?

மன்னார்குடிக்காரன்:
சிங்கப்பூர்ல வேலை. ஞாயித்துக்கிழமைன்னா புங்கோல் பக்கம் வேக்போர்டு: பலகையில காலை மாட்டிக்கிட்டு, படகு இழுக்கிற கயித்தைப் பிடிச்சுத் தண்ணி மேல சறுக்குறது. போன மாசம் பழைய பலகை ஒண்ணு வாங்கினேன். ‘ரெண்டு ஓரமும் வேற வேற, ஏசிமெட்ரிக்கல்’னு மட்டும் வித்தவர் சொன்னார். குதிகாலை அழுத்தினா நேரா இழுத்துட்டுப் போகுது, திருப்பவே முடியல. விரல் பக்கம் சாஞ்சா பிடி விட்டுப்போய்க் குப்புற விழறேன். 35 கிலோமீட்டர் வேகத்துல தண்ணி கன்னத்துல அறையுதுங்க. இப்ப லீவுல ஊருக்கு வந்திருக்கேன், பலகையும் கூடவே. வித்துடவா?

ஈரக்கயிறு:
அவசரப்படாதீங்க. குதிகால் பக்கம் சாயும்போது நாற்காலியில உக்கார்ற மாதிரி மொத்த எடையையும் கயித்துக்கு எதிரா போட்டுடலாம். விரல் பக்கம் அது நடக்காது. கைப்பிடி உடம்பைப் படகுப் பக்கம் முறுக்கும். அதுக்காகவே இந்த ரகத்துல விரல் ஓரத்தை நீளமா, நேரா விட்டு, அடியில இருக்கிற ஃபின்னையும் (மீன் துடுப்பு மாதிரி தகடு) ஆழமா வைப்பாங்க. நீள ஓரம் தண்ணியைக் கவ்வும். குதிகால் ஓரத்துல வளைவு கூட, சட்டுனு திரும்பும். உங்களுக்கு அப்படியே தலைகீழ். காலை மாட்டுற பைண்டிங்கை மாத்தி மாட்டியிருப்பாங்க. நூல் பிடிச்சு அளந்து பாருங்க.

குளத்தங்கரை:
நம்மூர்த் தெப்பக்குளம் ஹரித்ரா நதியில ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டே சொல்லுங்க தம்பி. பெருமாள் தெப்பத்துக்கு மட்டும் வழி விட்டுடுங்க.

மன்னார்குடிக்காரன்:
திண்ணையில கவுத்துப் போட்டு, அம்மா பூக்கட்டுற நூலை நுனிக்கு நுனி நட்டநடுவுல இழுத்துக் கட்டினேன். நுனியிலேர்ந்து ஒரு சாண் தள்ளி அளந்தா, குதிகால் பக்கம் ஒரு விரல்கடை அகலம் கூட! ஆழமான ஃபின்னும் அங்கதான். ஸ்க்ரூவையெல்லாம் கழட்டித் திருப்பி மாட்டியாச்சு. அப்பா பாத்துட்டு, ‘பரம்புப் பலகைக்கு எதுக்குடா செருப்பு?’ன்னார். குறுவைக்கு மாடு கட்டி, பலகை மேல நின்னு வயலைச் சமப்படுத்திப் பரம்படிச்ச ஆளு அவர். மேட்டுல முன்பாதத்தை அழுத்திச் சேத்தை வழிப்பாராம், பள்ளம் வந்தா குதிகாலுக்கு எடையை மாத்தி விட்டுடுவாராம்.

ஒரு சந்தேகம்: மறுகாலை முன்னாடி வெச்சு ஓட்டினா இந்தப் பலகை குழப்பாதா?

ஈரக்கயிறு:
நுனியும் வாலும் ஒரே மாதிரி இருந்தா குழப்பாது. எந்தக் கால் முன்னாடி வந்தாலும் விரல் ஓரம் விரல் பக்கமேதானே இருக்கு. ஆனா பழைய ஞாபகத்துல குதிகாலை ஓங்கி மிதிச்சுடாதீங்க, இப்ப வெடுக்குனு வெட்டும். முதல் நாள் 30ல ஓட்டச் சொல்லுங்க. 65 அடிக் கயித்தை 55 ஆக்கினா படகு கிளப்புற ரெண்டு அலையும் கிட்ட கிடைக்கும்.

அப்பாவைக் கேட்டதா சொல்லுங்க.