பிஸ்கட் டின்னில் கிடைத்த உறை

குழு: மன்னார்குடி வேர்கள், சிங்கப்பூர்க் கிளைகள்

கவிதா (மாலை 4:12): அனைவருக்கும் வணக்கம். தாத்தாவின் அறையை ஒழுங்குபடுத்தியபோது, கட்டிலுக்கு அடியில் இருந்த கோங் குவான் பிஸ்கட் டின் நிறைய அஞ்சல்தலைகள் கிடைத்தன. புலி, வரிக்குதிரை, பட்டாம்பூச்சி என்று ஒரு விலங்குத் தோட்டமே இருக்கிறது. உறைகளில் ஒட்டியிருப்பவற்றைப் பிரித்தெடுக்க வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன்.

அருண் (4:15): அந்தப் பெரிய புலித்தலைகள் பளபளப்பாக இருக்கின்றனவே! நல்ல விலைக்குப் போகும் என்று நினைக்கிறேன்.

செல்வம் பெரியப்பா (4:19): கவிதா, முதலில் அந்த வாளியைத் தள்ளி வை. எந்த உறையையும் நான் பார்க்கும்வரை நனைக்காதே, அம்மா. உறையோடு இருக்கும் அஞ்சல்தலை, எந்த ஊரிலிருந்து எந்த நாளில் யாருக்குப் போனது என்பதையும் சேர்த்தே வைத்திருக்கிறது. பிரித்துவிட்டால் படம் மட்டும்தான் மிஞ்சும்.

கவிதா (4:21): மன்னியுங்கள் பெரியப்பா, ஒன்றை ஏற்கெனவே நனைத்துவிட்டேன். சிவப்பு உறை சாயம் விட்டதால், அதிலிருந்த வெள்ளைக் கொக்கு இப்போது பூநாரையாக மாறிவிட்டது.

மலர் அத்தை (4:22): கொக்குக்கும் ஒரு திருமணக் களை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்.

செல்வம் பெரியப்பா (4:34): அருணுக்கு ஒரு கசப்பான செய்தி. புலித்தலைகளில் ஒன்றைத் திருப்பிப் பார்க்கச் சொல். முன்பக்கத்தின் ஒரே மூலையில் முத்திரை அழகாகக் கால்வட்டமாக விழுந்து, பின்பக்கத்துப் பசை அப்படியே இருந்தால், அது எந்தக் கடிதத்திலும் பயணம் செய்யாதது. சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காகவே அச்சுத்தாளோடு முத்திரை குத்தப்பட்டது. அஜ்மான், உம் அல் குவைன், ராஸ் அல் கைமா போன்ற சிறிய வளைகுடா நாடுகளின் பெயரில், 1960களிலும் 70களின் தொடக்கத்திலும், முகவர்கள் இப்படிப்பட்ட வண்ணத்தலைகளை மலைபோல் அச்சிட்டுத் தள்ளினார்கள். இந்த வழக்கம் நமக்கும் அந்நியமானதன்று; மானும் முதலையும் பொறித்த வடக்கு போர்னியோ (இன்றைய சபா) தலைகளையும் அதற்கு வெகு முன்பே கறுப்புக் கோடுகளை முத்திரையாகப் போட்டு மலிவாக விற்றிருக்கிறார்கள்.

அருண் (4:38): திருப்பிப் பார்த்தேன். பசை பத்திரமாக இருக்கிறது, என் கனவுதான் உலர்ந்துவிட்டது. அப்படியானால் விலை உயர்ந்தவை எவை?

செல்வம் பெரியப்பா (4:45): உலகிலேயே விலை உயர்ந்ததில் புலியும் இல்லை, பூவும் இல்லை. பிரிட்டிஷ் கயானா 1856இல் வெளியிட்ட ஒரு சென்ட் தலை அது. செங்கருஞ்சிவப்புத் தாளில் ஒரு சிறிய கப்பல், எட்டு மூலையாக வெட்டப்பட்ட ஓரம், பார்ப்பதற்குக் கறைபோல இருக்கும். ஒரே ஒரு பிரதிதான் அறியப்பட்டிருக்கிறது. 2021இல் அது சுமார் 83 இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. விலங்குதான் வேண்டும் என்றால், கனடா 1851இலேயே நீர்நாயைப் போன்ற பீவரைத் தன் தலையில் பதித்துவிட்டது. நம் பக்கத்தில் பகாங், சிலாங்கூர், பேராக் மாநிலங்கள் 1890களின் தொடக்கத்தில் பாயும் புலியை வெளியிட்டன. அவை சின்னஞ்சிறியவை, அவற்றின் அழகே வேறு.

கவிதா (4:58): அடியில் ஒரு பழுப்பு உறை இருக்கிறது. ஊதா நிறத்தில் மன்னர் தலை, அதன்மேல் ‘பி.எம்.ஏ. மலாயா’ என்று அச்சாகியிருக்கிறது. கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் சிங்கப்பூர், ஜூன் 1946 என்று முத்திரையைப் படிக்க முடிகிறது. முகவரி மன்னார்குடி.

மலர் அத்தை (5:01): அது அப்பா தம் தாயாருக்கு எழுதியதாகத்தான் இருக்கும். அப்பாயி இறந்தபோது ஊருக்குப் போனவர், டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துவந்த கடிதங்களில் இதுவும் ஒன்று. போர் முடிந்து, மகன் உயிரோடிருக்கிறான் என்பதை அப்பாயி அறிந்துகொண்டதே கடிதத்தின் மூலம்தான்.

செல்வம் பெரியப்பா (5:12): அந்த மேலச்சைக் கவனியுங்கள். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் படமுள்ள அதே நீரிணைக் குடியேற்றத் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி) தலைகள்மேல்தான் 1942இல் ஜப்பானியர் தம் முத்திரையைக் குத்தி விற்றார்கள். 1945 செப்டம்பரில் அவர்கள் சரணடைந்தபின், பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம், அதாவது பி.எம்.ஏ., தன் எழுத்துகளை அச்சிட்டு அதே வகைத் தலைகளை வெளியிட்டது. அந்த நிர்வாகம் 1946 மார்ச் இறுதியோடு முடிந்துவிட்டது. ஆனாலும் சிங்கப்பூரின் பெயரைத் தாங்கிய முதல் தலைகள் 1948இல்தான் வந்தன என்பதால், ஜூன் மாதத்தில் அப்பா ஒட்டியது கலைந்துபோன ஓர் அரசின் பெயரை. சந்தையில் இந்தத் தலைக்குப் பெரிய விலை கிடையாது, அருண்.

அருண் (5:14): விலை கேட்கமாட்டேன், பெரியப்பா. அந்த உறையை யார் வைத்துக்கொள்வது என்பதை மட்டும் கேட்கிறேன்.

மலர் அத்தை (5:16): யாரும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இங்கிருக்கும் ஈரக்காற்றில் பழுப்புப் புள்ளி விழாமல் காப்பாற்றத் தெரிந்தவரே வைத்துக்கொள்ள வேண்டும். என் பழைய ஆல்பத்தில் பாதித் தலைகள் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு போயின.

செல்வம் பெரியப்பா (5:20): சனிக்கிழமை இடுக்கியும் அமிலமில்லாத தாளுறைகளும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் கொண்டுவருகிறேன். அதுவரை டின்னைச் சன்னலோரத்தில் வைக்காதே, விரலால் தலைகளைத் தொடாதே. உள்ளே கடிதம் இருந்தால், மலர் வந்தபின் பிரித்துப் படிக்கலாம்.

கவிதா (5:23): இருக்கிறது, பெரியப்பா. மடிப்பைப் பிரிக்கவில்லை. வாளித் தண்ணீரைத் தாழ்வாரத்துச் செடிகளுக்கு ஊற்றிவிட்டேன். கொக்கு மட்டும் இன்னும் காயவில்லை.