டல்லாஸுக்கு மிக்ஸி கொண்டுபோகலாமா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
அம்மா அடுத்த மாதம் டல்லாஸில் தங்கை வீட்டுக்குப் போகிறார், இங்கே வாங்கிய 750 வாட் மிக்ஸியையும் தூக்கிக்கொண்டுதான் போவேன் என்று பிடிவாதம். கல்யாணச் சீரில் வந்த மிக்ஸியைத் தங்கை ஏற்கெனவே கொண்டுபோய், பின்னுக்கு அடாப்டர் மாட்டிப் போட்டுப் பார்த்தாள். முனகுகிறதே தவிர தேங்காய்கூட அரைபடவில்லை. மிக்ஸி கோளாறா, கரண்ட் கோளாறா? அப்புறம், போன தடவை அப்பா பாத்டப்புக்கு வெளியே பக்கெட் வைத்துக் குளித்து, கீழ்வீட்டு சீலிங்கில் தண்ணீர் இறங்கிப் பெரிய ரகளை. அம்மாவிடம் என்ன சொல்லி அனுப்புவது?

கொண்டலாம்பட்டி வைண்டிங்:
மிக்ஸியில் ஒன்றும் இல்லை தம்பி. நம்ம ஊர் 230 வோல்ட், அங்கே 120. அடாப்டர் பின்னுடைய வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை ஏற்றாது. வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கிற ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் போட்டால் ஓடும், ஆனால் 750 வாட் மிக்ஸிக்கு அதே 750-இல் வாங்கினால் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கிற இழுவைக்குத் தாங்காது, 1500 வாட்டாவது வேண்டும், அது கருங்கல் மாதிரி கனக்கும். இதெல்லாம் தேவையா? நம்ம கம்பெனிகளே அமெரிக்காவுக்கென்று 110 வோல்ட் மிக்ஸி போடுகின்றன (பெயர்தான் 110, அங்கே 120-இல் ஓடும்), அங்கேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். திரும்பும்போது மட்டும் அதை இங்கே கொண்டுவந்து சொருகிவிட வேண்டாம், புகைதான் வரும்.

அஸ்தம்பட்டி அக்கா:
அப்பாவைக் குறை சொல்லாதீர்கள், அங்கே பாத்ரூம் தரையில் தண்ணீர் போக ஓட்டையே பெரும்பாலும் இருக்காது, அடியில் பல வீடுகளில் மரப்பலகைதான். பக்கெட்டையும் ஸ்டூலையும் டப்புக்குள்ளேயே வைக்கட்டும், டப்பை மறைக்கிற திரையின் அடிப்பக்கம் டப்புக்கு உள்ளே தொங்க வேண்டும், இதைப் பலரும் கவனிப்பதில்லை. பாத்திரம் கழுவும் மெஷினில் சிங்க்கில் விளக்குகிற லிக்விடை ஊற்றினால் அடுப்படி முழுக்க நுரை. தாளிக்கும்போது ஸ்மோக் அலாரம் கத்தினால் ஜன்னலைத் திறந்தால் போதும், பாட்டரியைக் கழற்றி வைக்கிற நம்ம ஆட்களின் புத்திசாலித்தனம் வேண்டவே வேண்டாம்.

ஏற்காடு மிளகு:
குளிர்காலத்தில் எங்கள் மலையிலேயே மாவு பொங்காது. அங்கே ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை வைப்பார்கள், நன்றாகப் பொங்கும். ஆனால் கதவில் ஒரு சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். என் மகள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்காமல் ஓவனைப் போட்டுவிட்டார், மாவு பிளாஸ்டிக் டப்பாவோடு வெந்துவிட்டது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
நன்றி எல்லோருக்கும். வைண்டிங் அண்ணா, அந்த 110 வோல்ட் மிக்ஸியோடு சின்ன சட்னி ஜார் வருமா? அம்மா அதைத்தான் கேட்கிறார்.