அசனக் கணக்கில் குறைந்த 12,000 ரூபாய்

யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில் எங்கள் ஊர்ச் சபையில் 2011ல் நான்தான் அசனம் என்கிற சபை விருந்துக்கான கமிட்டியின் பொருளாளர். வீடு வீடாகப் பிரித்த பணம் என் கையில் இருந்தது. கடைக்குச் சரக்கு எடுக்க அதிலிருந்து 12,000 ரூபாய் எடுத்தேன். பத்து நாளில் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. கணக்குப் பார்க்கிற அன்று பணம் இடித்தது. அசனத்துக்கு அரிசி வாங்கப் போய்வந்த ஊர்ப் பையன் ஒருவனைக் குறித்து, "அரிசி மண்டிக்கு அந்தத் தம்பிதான் போய்வந்தான், அவனிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்" என்றேன்.

அவன் எடுத்தான் என்று நான் சொல்லவில்லை. அதையே சொல்லிச் சொல்லி என் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஊர் வேறு மாதிரி பேசியது. ஆறே மாதத்தில் அவன் திருப்பூருக்குப் போய்விட்டான்.

நான் ஜெபத்தை விடவில்லை, உபவாசம்கூட இருந்தேன். ஆனால் முழங்கால் போட்டால் சாத்தானைத்தான் கடிந்துகொள்வேன். கடன் நெருக்கத்தில் அவன் என்னைச் சோதித்துவிட்டான் என்று ஆண்டவரிடம் முறையிடுவேன். ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கையை எல்லோரோடும் சேர்ந்து "நாங்கள், எங்கள்" என்றுதானே சொல்கிறோம், அது எனக்கு வசதியாகப் போயிற்று. அத்தனை பேர் குரலுக்குள் என் 12,000 யாருக்குக் கேட்கும்?

2018ல் மணப்பாட்டில் ஒரு கத்தோலிக்க நண்பர் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் போயிருந்தேன். பூசை தொடங்கியதும் எல்லோரும் மார்பில் தட்டிக்கொண்டு "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்றார்கள். கத்தோலிக்கர்களுக்குப் பழகிப்போன வார்த்தைதான். ஆனால் என் பக்கத்தில் நின்ற பெரியவர், கடலுக்குப் போய்க் காய்ப்பேறிய கையால் தட்டின சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. என் வாயில் அந்த "என்" வரவில்லை.

அன்று ராத்திரி வேதாகமத்தில் 1 சாமுவேல் 15ஐயும் 2 சாமுவேல் 12ஐயும் அடுத்தடுத்து வாசித்தேன். சவுல் ராஜாவும் தாவீது ராஜாவும் இரண்டு பேருமே "பாவஞ்செய்தேன்" என்றுதான் சொல்கிறார்கள். சவுலோ, ஆண்டவர் அழிக்கச் சொன்ன ஆடுமாடுகளைத் தப்பவைத்தது ஜனங்கள் என்கிறான், அப்புறம் ஜனங்களுக்குப் பயந்தேன் என்கிறான், கடைசியில் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறான். தாவீது தன்னைக் கண்டித்த தீர்க்கதரிசி நாத்தானிடம் அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறான். நான் ஏழு வருடமாகச் சவுலின் ஜெபத்தைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் போய்ச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. எண்ணாகமம் 5:7ஐ எடுத்து என்னையே வாசிக்கச் சொன்னார். செய்த பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தாயோ அவனுக்கே கொடு என்கிறது அந்த வசனம். 14,400 ரூபாயைக் கமிட்டியில் வைத்து, எடுத்தது நான்தான் என்று சொன்னேன். அது ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அந்தத் தம்பியின் பெயருக்கு எதைக் கூட்டிக் கொடுப்பது?

திருப்பூரில் அவன் வேலை பார்க்கிற பனியன் கம்பெனி வாசலில் காத்திருந்து பார்த்தேன். டீக்கடையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். கடன் நெருக்கம் என்று வாய்வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. ரொம்ப நேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றான். என்னிடம் பதில் இல்லை.

"கமிட்டியில் சொன்னது போதாது. கோயிலில் எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்" என்றான். அடுத்த ஞாயிறு ஐயர் அனுமதியோடு எழுந்து நின்று, அவன் பெயரைச் சொல்லி, அவன்மேல் ஒரு தப்பும் இல்லை, எடுத்தவன் நான் என்றேன். என் மனைவிக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

அவன் இன்னும் ஊர் அசனத்துக்கு வந்ததில்லை. நான் வருடத்துக்கு ஒரு தடவை திருப்பூர் போய் அவனைப் பார்த்துவிட்டு வருகிறேன்.